கழுகு முத்திரை பெற்ற பதினேழு விருந்தாளிகள்

அலெக்சாந்திரியா நகரில், கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, 'நிம்மதி இல்லம்' என்று ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. அங்கே இருபத்து நான்கு பேர் தங்கலாம் என்று அரசாங்கம் உரிமம் கொடுத்திருந்தது. நாற்பத்தொரு பேர் தங்கியிருந்தார்கள். இதில் விதிமீறல் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

உரிமத்தில் 'இருபத்து நான்கு கட்டில்' என்றுதான் எழுதியிருந்தது. கட்டில்களும் இருபத்து நான்குதான் இருந்தன, ஒன்றுகூட அதிகம் இல்லை. மற்றப் பதினேழு பேர் கனபாவில் படுத்தார்கள். கனபா என்பது ஒரு மரச்சட்டம், அதன்மேல் ஒரு பஞ்சு மெத்தை, சாய்ந்துகொள்ள மூன்று திண்டு. அது உட்காரும் சாமான். அதில் ஒருவர் எட்டு மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு, அதுவும் நீளவாக்கில் உட்கார்ந்தால், அதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை.

நாலாம் நம்பர் அறை இருவருக்காகக் கட்டப்பட்டது. அதில் இரண்டு கட்டில், மூன்று கனபா. ஒரு கட்டிலில் ஹாஜ் பயூமி இருந்தார். முப்பத்தொரு வருடம் டிராம் ஓட்டியவர். இன்னொரு கட்டிலில், காது கேட்காத ஒரு கப்பல் சமையல்காரர். கனபாக்களில் ஒன்று, கடற்கரையில் மக்காச்சோளம் சுட்டு விற்ற கமீஸுக்கு. இன்னொன்று, யாரோடும் பேசாத ஒரு பழைய தையல்காரருக்கு. ஜன்னலை ஒட்டிய மூன்றாவது கனபா உஸ்தாத் லபீபுக்கு. படித்தவரை எங்கள் ஊரில் 'உஸ்தாத்' என்போம்.

லபீப் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார். பத்தொன்பது வயதில் வந்த காசநோய் அவருடைய ஒரு நுரையீரலைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. மற்றொன்றை வைத்துக்கொண்டு ஐம்பத்தொன்பது வருடம் ஓட்டிவிட்டார். அக்டோபரில் நெஞ்சு மருத்துவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, கூட வந்திருந்த இல்லத்துத் தலைமைத் தாதி இன்ஷிராஹிடம் ஒரு சீட்டைக் கொடுத்துத் தனியாகச் சொன்னார்: "இன்னொரு சளிக் காய்ச்சல் வந்தா இவர் தாங்கமாட்டார் மிஸ். கூட்டத்துல வைக்காதீங்க."

இன்ஷிராஹ் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். இல்லத்தில் கூட்டம் இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது வரவேற்புக் கூடம்.

கூடம் கடலைப் பார்த்தது. அந்தக் கட்டடத்திலேயே பெரிய அறை அதுதான். ஐந்து ஜன்னல்கள். தங்கப் பூச்சுப் பூசிய இருபது நாற்காலிகள், அவற்றின்மேல் கடையிலிருந்து வந்த நாளில் போட்ட பிளாஸ்டிக் உறை. தூசி படாமல் படுக்கை விரிப்பில் சுற்றித் தொங்கவிட்ட சரவிளக்கு, பார்ப்பதற்கு யாரோ தூக்குப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். கூடம் விருந்தாளிகளுக்கானது. பதினோரு வருடமாக விருந்தாளிகள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் கூடத்தைத் திறக்கும் அளவுக்குத் தகுதியான விருந்தாளி இன்னும் வரவில்லை. அதனால் வந்தவர்களை அறைகளுக்கு வெளியே இருந்த நடைபாதையில் நிற்க வைத்துப் பேசி அனுப்பினார்கள். சாவி இயக்குநர் ஷவ்கத்திடம் இருந்தது. வீட்டுச் சாவியை இரண்டு முறை தொலைத்திருக்கிறார். கூடத்துச் சாவியை ஒருமுறைகூடத் தொலைத்ததில்லை.

டிசம்பர் முதல் வாரம் காஸிம் புயல் வந்தது. அது ஒவ்வொரு வருடமும் சொன்ன தேதிக்கு வந்துவிடும். அரசாங்கத்தின் கீழ் இல்லாததால் அப்படி. அதே வாரம் ஹாஜ் பயூமி, தங்கை மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டு, ஒரு டப்பா இனிப்பும் ஒரு இருமலும் கொண்டுவந்தார். இனிப்பை ஐந்து பேருக்கும் பங்கு வைத்தார்.

இரண்டாம் நாள் கமீஸும் சமையல்காரரும் இருமினார்கள். மூன்றாம் நாள் தையல்காரர். அது அவர் நான்கு மாதத்தில் எழுப்பிய முதல் சத்தம். லபீப் ஜன்னலை ஒரு சாண் திறந்து, முகத்தை அதில் வைத்துக்கொண்டார்.

இயக்குநர் ஷவ்கத் ஓடிவந்து ஜன்னலைச் சாத்தினார்.

"காத்து! காத்து! ஏன் மிஸ், இந்த மனுஷன் குறுக்குக் காத்துல உட்கார்ந்து சாகப் பாக்கறாரு, நீ பாத்துக்கிட்டு நிக்கிறே! எல்லாருக்கும் இருமல் எப்படி வந்துச்சுன்னு இப்போ புரியுதா?"

"இருமல் ஜன்னல் வழியா வரல உஸ்தாத். ஹாஜ் பயூமி வாய் வழியா வந்துச்சு."

"வாய் அவரோட சொந்தம். அது என் நிர்வாகத்துல வராது. ஜன்னல் என் பொறுப்பு. அதை நான் மூடிட்டேன்."

"அஞ்சு பேரு ஒரே மூச்சை மாத்தி மாத்தி விட்டுக்கிட்டு இருக்காங்க. கூடத்தைத் திறந்து விடுங்க. உஸ்தாத் லபீபை மட்டுமாவது அங்க போடறேன்."

ஷவ்கத் திகைத்துப் போனார். தன் அம்மாவின் பட்டு அங்கியைத் தரை துடைக்கக் கேட்ட மாதிரி அவளைப் பார்த்தார்.

"கூடத்துலயா? நாளைக்கே துணை அமைச்சர் வந்து நின்னா?"

"பதினோரு வருஷமா வரலையே."

"அதான் சொல்றேன். இவ்வளவு நாள் வரலைன்னா, இனிமே எந்த நிமிஷமும் வரலாம்."

இன்ஷிராஹ் மாவட்ட அலுவலகத்துக்கு மனு எழுதினாள். நாலாம் அறையில் ஐந்து பேர், நால்வருக்கு இருமல், ஐந்தாமவருக்கு ஒரே நுரையீரல், கூடம் காலி. அவ்வளவுதான் எழுதினாள். 'பொருளை ஆராயும் குழு' ஒன்று ஆறே நாளில் வந்து சேர்ந்தது. இந்த வேகத்துக்கு மனு காரணமில்லை. குழுத் தலைவர் பொறியாளர் ரிஃபத், தன் மாமியாருக்கு எங்கேயாவது ஒரு கனபா கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தார்.

குழுவில் மூன்று பேர். பொறியாளர் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்தார். இரண்டாமவர் மறு முனையைப் பிடித்தார். மூன்றாமவர் துணிப்பையில் அரசாங்கத்தின் கழுகு முத்திரையைப் பிடித்திருந்தார். முத்திரை இல்லாத காகிதம் எங்கள் நாட்டில் வறுத்த பூசணி விதை மடிக்கத்தான் உதவும். ஆகவே மூவரில் அவருக்குத்தான் மரியாதை அதிகம். காபி முதலில் அவருக்கே வந்தது.

நாலாம் அறைக்குள் மூவரும் நுழைந்தபோது ஐவரும் கால்களை மடக்கிக்கொண்டார்கள். இல்லையென்றால் கதவு சாத்தாது. கதவைச் சாத்தியாக வேண்டும், நடைபாதையில் காற்று.

பொறியாளர் விதிப் புத்தகத்தைப் பிரித்தார். "கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடையில குறைஞ்சது ஒரு மீட்டர். பிடிங்க."

பயூமியின் கட்டில் ஒரு சுவரோரம். சமையல்காரரின் கட்டில் எதிர்ச் சுவரோரம். நாடா மூன்று கனபாக்களுக்கு மேலாக, கமீஸின் மூக்கை உரசிக்கொண்டு போனது.

"மூணு மீட்டர் இருபது! ஒரு மீட்டர் கேட்டோம், மூணு கொடுத்திருக்காங்க. ஷவ்கத், இது அரண்மனையப்பா!"

"எல்லாம் உங்க ஆசீர்வாதம் பாஷா," என்றார் ஷவ்கத். எந்த அதிகாரியும் எங்களுக்குப் பாஷாதான்.

"அந்த மூணு மீட்டர்ல மூணு பேரு படுத்திருக்காங்க," என்றாள் இன்ஷிராஹ்.

"இடையில என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாதுன்னு விதியில இல்லம்மா. தூரம்தான் இருக்கு. தூரம் இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"முடிஞ்சுது. அடுத்தது: 'தொற்று உள்ளவர்களின் எண்ணிக்கை, தங்கியிருப்பவர்களில் பத்தில் ஒரு பங்கை மீறக் கூடாது.' தங்கியிருக்கிறவங்க எத்தனை பேரு?"

"நாப்பத்தொண்ணு."

"கட்டில் எத்தனை?"

"இருபத்து நாலு."

"அப்போ தங்கியிருக்கிறவங்க இருபத்து நாலு. கட்டில் இல்லாதவன் எப்படித் தங்குவான்?"

இன்ஷிராஹ் மூன்று கனபாக்களையும் கையால் காட்டினாள். "அப்போ இவங்கல்லாம் யாரு?"

பொறியாளர் முதல்முறையாக அந்த மூவரையும் நிமிர்ந்து பார்த்தார். அவர் மனசாட்சி உள்ள அதிகாரி. எந்த வகையிலும் அடங்காத ஒரு பொருளைப் பார்த்துவிட்டுச் சும்மா போகமாட்டார்.

"ஊழியர் இல்ல. தங்கியிருக்கிறவங்க இல்ல. ஆனா உட்காரும் சாமான்ல உட்கார்ந்திருக்காங்க. அப்படின்னா... விருந்தாளி. வேற வழியே இல்ல. விருந்தாளி."

லபீப் மெல்லக் கேட்டார். "யாருக்கு?"

"என்னது?"

"நான் யாருக்கு விருந்தாளி?"

"இந்த ரூம்ல கட்டில் யாருக்கு இருக்கோ அவருக்கு. அந்தப் பெரியவருக்குன்னு வெச்சுக்குவோம்."

ஹாஜ் பயூமி இருமியபடியே எழுந்து உட்கார்ந்தார். "அடப்பாவி லபீப்! பத்தொம்போது மாசமா என்னைப் பாக்கவா வந்து உட்கார்ந்திருக்கே? ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கிட்டு வரணும்னு தோணலையா உனக்கு?"

"நீ காபி கொடுக்கல."

"ரெண்டு பேரும் சும்மா இருங்க," என்றார் பொறியாளர். "எழுதுங்க. தங்கியிருப்போர் இருபத்து நாலு. விருந்தாளிகள் பதினேழு. தங்கியிருப்போரில் இருமல் ரெண்டே பேருக்கு, பத்தில் ஒரு பங்கைத் தாண்டல. கூட்டம்: இல்லை."

இன்ஷிராஹ் அந்தக் காகிதத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு மிகவும் பணிவாகக் கேட்டாள். "பாஷா, இதை முத்திரை போட்டுக் கொடுப்பீங்களா? பதினேழு பேரும் விருந்தாளிதான்னு?"

"ஏன் போடக் கூடாது? உண்மைதானே."

மூன்றாமவர் பையைத் திறந்தார். முத்திரையில் ஊதினார். கழுகு காகிதத்தில் வந்து இறங்கியது.

"நன்றி பாஷா. இன்னும் ஒரே ஒரு சந்தேகம். அரசாங்கம் முத்திரை போட்டு, இவர் விருந்தாளின்னு சொன்ன ஒருத்தரை, நாங்க எங்க உட்கார வைக்கணும்? நடைபாதையிலயா?"

ஷவ்கத்தின் கை தானாகச் சாவி இருந்த சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது. பொறியாளர் காகிதத்தைப் பார்த்தார், கழுகைப் பார்த்தார். கழுகு அவரைப் பார்த்தது.

"ஷவ்கத், கூடத்தைத் திற."

"பாஷா, துணை அமைச்சர்..."

"துணை அமைச்சருக்கு முத்திரை போட்ட காகிதம் இருக்கா? இவங்களுக்கு இருக்கு."

இப்படியாக, பதினோரு வருடங்களுக்குப் பிறகு வரவேற்புக் கூடத்தின் கதவு திறந்தது. சரவிளக்கின் விரிப்பை அவிழ்த்தார்கள். பதினேழு கனபாக்களையும் உள்ளே கொண்டுபோய், ஒன்றுக்கொன்று இரண்டு மீட்டர் தள்ளிப் போட்டாள் இன்ஷிராஹ். லபீபின் கனபாவைக் கடைசி ஜன்னலின் கீழே போட்டு, ஜன்னலையும் திறந்து வைத்தாள். புயல் ஓய்ந்திருந்தது. கடல் அழுக்குப் பச்சையாக இருந்தது. லபீப் அதைப் பார்த்தபடி ஒரு முழு மூச்சு இழுத்தார். பாதி வழியில் அது நிற்கவில்லை.

"எப்படி இருக்கு உஸ்தாத்?"

"நல்லா இருக்கு," என்றார். தந்திக்காரர்களிடம் அது நீண்ட சொற்பொழிவு.

இந்த நிலை அன்று மத்தியானத்திலிருந்து மாலை நான்கு மணி வரை நீடித்தது.

நான்கு மணிக்கு ஷவ்கத்துக்கு ஒரு விஷயம் உறைத்தது. விருந்தாளிகள் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள்! எந்த வீட்டில் இந்த அவமானம் நடக்கும்? விருந்தாளியைத் தனியாக விட்டுவிட்டு வீட்டுக்காரர்கள் அறையில் படுத்திருந்தார்கள் என்று ஊர் பேசினால், இல்லத்தின் பெயர் என்ன ஆகும்? அவர் ஒவ்வொரு அறைக்கதவாகத் தட்டினார். தட்டவே தேவையிருக்கவில்லை. கட்டில்காரர்கள் இருபத்து நான்கு பேரும் ஏற்கனவே மேல்கோட்டுப் போட்டுத் தலை சீவி உட்கார்ந்திருந்தார்கள். பதினோரு வருடமாகச் சாவித்துவாரம் வழியாக மட்டும் பார்த்த கூடம் திறந்திருக்கிறது. கனபாக்காரர்களுக்கு மட்டும் அதில் இடம் என்றால் அது என்ன நியாயம்?

முதலில் வந்தவர் ஹாஜ் பயூமி. நேராக லபீபின் கனபாவில், அவர் தோளை ஒட்டி உட்கார்ந்தார்.

"என் விருந்தாளி. நான்தானே பக்கத்துல உட்காரணும்?" என்றார். இருமினார். "கொய்யா இலைக் கஷாயம் குடிச்சேன், இன்னும் நிக்கல. இந்த ஜன்னலை ஏன் திறந்து வெச்சிருக்கே? விருந்தாளி காத்து பட்டுச் செத்தான்னா பழி என் தலையிலதான் விழும்." ஜன்னலைச் சாத்தினார்.

மற்ற நான்கு ஜன்னல்களையும் மற்றவர்கள் சாத்தினார்கள். தங்க நாற்காலி இருபது. இடம் கிடைக்காதவர்கள் கனபாக்களின் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். இரண்டு மீட்டர் இடைவெளிகளில் முக்காலிகள் முளைத்தன. நாற்பத்தொரு பேரும், மூன்று பணிப்பெண்களும், இயக்குநரும் உள்ளே. பிளாஸ்டிக் உறையை மட்டும் யாரும் கழற்றவில்லை, அழுக்காகிவிடும். ஒருவர் இருமினால் இருபது உறைகளும் சரசரக்கும்.

"வெளிய போங்க எல்லாரும்!" என்று கத்தினாள் இன்ஷிராஹ். "அவங்கவங்க ரூம் காலியா கிடக்கு!"

"ஏன் மிஸ் சத்தம் போடறே? விருந்தாளிங்க முன்னாடி..." என்றார் ஷவ்கத், எல்லோருக்கும் சோம்புத் தேநீர் ஊற்றியபடி.

அடுத்த நாளும் வந்தார்கள். அதற்கடுத்த நாள் கட்டில்களையே கொண்டுவந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை, ஆறு மாதமாக எட்டிப் பார்க்காத பிள்ளைகளெல்லாம் குடும்பத்தோடு வந்து, சரவிளக்கின் கீழே தகப்பனை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். 'நம்ம அப்பாவுக்குக் கிடைச்ச மரியாதையைப் பாரு' என்று உறவினருக்கெல்லாம் அனுப்பினார்கள். பேரப்பிள்ளைகள் வரிசையாக நின்று எல்லாத் தாத்தாவையும் முத்தமிட்டார்கள்.

லபீப் கூட்டத்துக்கு நடுவில் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு யோசித்தார். ஒரு தங்கியிருப்பவர் அனுமதி இல்லாமல் இடத்தை விட்டுப் போக முடியாது. கையெழுத்து வேண்டும், சாட்சி வேண்டும். ஆனால் ஒரு விருந்தாளி?

அவர் எழுந்து நின்றார். கோட்டின் பொத்தான்களைப் போட்டார்.

"உஸ்தாத் ஷவ்கத், நேரமாச்சு. கிளம்பறேன்."

ஷவ்கத் பதறிப்போய்த் தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்தார். "என்ன அவசரம்! இப்பத்தானே வந்தீங்க!"

"இல்ல, போகணும்."

"இன்னும் ஒரு காபி குடிச்சுட்டுப் போங்க. சத்தியமா விடமாட்டேன்."

"இன்னொரு நாள்."

மூன்று முறை வற்புறுத்தினார்கள், மூன்று முறை மறுத்தார். நான்காவது முறை வற்புறுத்த முறையில் இடமில்லை. ஷவ்கத் வாசல்வரை வந்து, "நீங்க வந்ததே எங்களுக்குப் பெருமை," என்று வழியனுப்பினார். லபீப் நடைபாதையில் பதினாறு அடி நடந்து, நாலாம் அறைக்குள் நுழைந்து, கதவைச் சாத்திக்கொண்டார். அறையில் யாரும் இல்லை. ஜன்னலைத் திறந்தார். கனபாவும் இல்லாததால், தரையில் விரிப்பைப் போட்டுப் படுத்தார்.

இன்ஷிராஹ் ஒரு மெத்தையும் பருப்புச் சூப்பும் கொண்டுவந்தாள். "போறேன்னு என்கிட்டகூடச் சொல்லலையே!"

"விருந்தாளி வீட்டுக்காரர்கிட்டத்தான் சொல்லணும்."

அதன்பிறகு பதினோரு நாள், அவள் கூடத்துக்கு ஒரு கோட்டும் நாலாம் அறைக்கு ஒரு கோட்டும் வைத்துக்கொண்டாள். கூடத்தில் நாற்பது பேருக்கும் காய்ச்சல். ஹாஜ் பயூமிக்குக் குரல் போய்விட்டது. டிராம் மணி அடிப்பதுபோல் கரண்டியால் கிளாஸைத் தட்டித் தண்ணீர் கேட்டார். மக்காச்சோளக் கமீஸ் ஏழாம் நாள் மத்தியானம், "உப்பு கொஞ்சம் தூக்கலா போடட்டுமா?" என்று யாரிடமோ கேட்டுவிட்டு, பிறகு பேசவில்லை. அவர் விருந்தாளி என்பதால் இறப்பு என்று எழுத முடியாது. 'விருந்தாளி ஒருவர் தமது வருகையை முடித்துக்கொண்டார்' என்று பதிவேட்டில் எழுதினார்கள். இரண்டு நாள் கழித்து, அந்தத் தையல்காரரும் வருகையை முடித்துக்கொண்டார். அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

இன்ஷிராஹ் அந்த இரண்டு வரிகளையும் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாவட்ட அலுவலகத்துக்கு இன்னொரு மனு எழுதினாள்.

குழு மறுபடியும் வந்தது. பொறியாளர் ரிஃபத்தும் இருமிக்கொண்டுதான் வந்தார். கூடம் திறந்த அன்றே தன் மாமியாருக்கு இடம் கேட்டு, அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஆனால் அவர் பணியில் இருந்ததால் அது நோயாகக் கருதப்படவில்லை.

"தங்கியிருக்கிறவங்கள்ல எத்தனை பேருக்கு நோய்?"

"எல்லாருக்கும்," என்றாள் இன்ஷிராஹ்.

"எங்க?"

"கூடத்துல."

"கூடம் தங்குற இடம் இல்லம்மா. தங்கியிருக்கிறவங்களை அவங்கவங்க ரூம்லதான் சோதிக்கணும். வாங்க."

பன்னிரண்டு அறைகளின் கதவையும் திறந்து பார்த்தார்கள். ஒன்றிலும் ஒருவரும் இருமவில்லை, நாலாம் அறையைத் தவிர மற்றவற்றில் யாருமே இல்லை. பொறியாளர் ஒவ்வொரு அறைக்கும் 'நோய் இல்லை' என்று எழுதிக்கொண்டே வந்தார். நாலாம் அறையில், மெத்தையில் உட்கார்ந்து, கன்னத்தில் கொஞ்சம் நிறம் ஏறி, ரொட்டியில் அவரைக்காய் மசியலைத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார் லபீப்.

"அட, இந்த மனுஷன் நல்லா இருக்காரே! எல்லாரும் இருமறாங்க, இவர் மட்டும் சாப்பிடறாரு. என்ன ரகசியம் ஐயா?"

"தனியா இருக்கேன்."

"அதில்ல. ரூம்தான் காரணம். நல்ல ரூம். நாடாவைப் பிடிங்க," என்றார் பொறியாளர் உற்சாகமாக. "இவ்வளவு ஆரோக்கியமான ரூம்ல ஒருத்தரை வெச்சு வீணாக்கறதா? இந்தச் சுவரோரம் நாலு கனபா, அந்தச் சுவரோரம் நாலு, நடுவுல மூணு. பதினொண்ணு. நல்லா இருமறவங்களா பாத்துக் கொண்டு வந்து போடுங்க. சீக்கிரம் குணமாயிருவாங்க. என் மாமியாருக்கும் ஒண்ணு."

லபீப் ரொட்டியைத் தட்டில் வைத்தார். நாடா தன் காலடியில் ஊர்ந்து போவதைப் பார்த்தார். பிறகு, மிகுந்த கவனத்தோடு, கைக்குட்டையை எடுத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார். முதலில் சின்னதாக. யாரும் திரும்பாததால் கொஞ்சம் பெரிதாக. பிறகு தந்தி அனுப்புவதுபோல, குட்டையும் நெட்டையுமாக, விடாமல்.

மூன்றாமவர் முத்திரைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடைபாதைக்கு ஓடினார். பொறியாளரின் முகம் கறுத்தது.

"நோயாளி! ரூம்ல இருக்கிற நோயாளி! எழுதுங்க: தனிமைப்படுத்துக. இந்த ரூமுக்குள்ள வேற யாரும் வரக் கூடாது."

கழுகு கதவில் வந்து இறங்கியது. நாலாம் அறை லபீபுக்கே சொந்தமானது. இன்ஷிராஹ் கதவை மூடிவிட்டுத் திரும்பி, சுவரில் சாய்ந்து, சத்தம் வராமல் வயிறு வலிக்கச் சிரித்தாள். மூன்று வாரத்தில் அவள் சிரித்தது அன்றுதான்.

இவ்விதமாக மாவட்ட அறிக்கை தயாரானது. நிம்மதி இல்லத்தில் தங்கியிருப்போர் இருபத்து நான்கு பேருக்கும் நோய் இல்லை. விருந்தாளிகளின் உடல்நிலை அவரவர் பொறுப்பு. மொத்த நோயாளி: ஒருவர். இல்லத்திலேயே இருமல் இல்லாதவர் அவர் ஒருவர்தான். ஆனால் அதற்கு அறிக்கையில் பத்தி இல்லை.

இதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு வாரம் கழித்து, தலைமைத் தாதி பெயருக்கு ஒரு விளக்கக் கடிதம் வந்தது. 'இவ்வளவு சிறந்த முறையில் நடத்தப்படும் இல்லத்தில் ஒருவருக்கு மட்டும் நோய் வந்தது எப்படி? காரணம் கூறுக.' கீழே மூன்று கோடுகள் விட்டிருந்தார்கள்.

அன்று இன்ஷிராஹ் கமீஸின் மகளிடம், அப்பாவின் செருப்பையும் தொப்பியையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். காலையிலிருந்து உட்காரவில்லை. கடிதத்தை இரண்டு முறை படித்தாள். பேனாவை எடுத்தாள். மூன்று கோடுகளிலும் தெளிவான கையெழுத்தில் எழுதினாள்:

'நாற்பது பேர் நெருக்கியடித்து மூச்சுவிட்ட இடத்தில் நோய் இல்லை. ஒருவர் தனியாக மூச்சுவிட்ட இடத்தில் நோய் இருந்திருக்கிறது. ஆகவே நோய்க்குக் காரணம் தனி அறைதான்.'

படிப்பவருக்குக் கொஞ்சமாவது வெட்கம் வரும் என்று நினைத்தாள். அவள் நல்ல தாதிதான். ஆனால் அலுவலகங்களில் வேலை பார்த்ததில்லை.

கடிதம் மாவட்டத்தில் மகிழ்ச்சியை உண்டாக்கியது. ஒரு தாதி காரண காரியத்தோடு பதில் எழுதுவது இதுவே முதல்முறை. கடிதம் மேலே போனது. இன்னும் மேலே போனது. மூன்றாவது வாரம் சுற்றறிக்கையாகக் கீழே இறங்கியது. மாகாணத்தின் எல்லா முதியோர் இல்லங்களிலும் தனி அறைகள் நோய்க்கிடங்குகள் என்று கண்டறியப்பட்டுள்ளதால், இன்றுமுதல் அவை ஒழிக்கப்படுகின்றன. இனி எந்த அறையிலும் ஐந்து பேருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கண்டுபிடிப்பு: தலைமைத் தாதி இன்ஷிராஹ். அவருக்குப் பாராட்டுச் சான்றிதழ் ஒன்று இணைக்கப்பட்டுள்ளது.

சுற்றறிக்கையைக் கேட்டுக் குடும்பங்கள் நெகிழ்ந்துபோயின. தூர ஊர்களிலிருந்தெல்லாம் பிள்ளைகள் இல்லத்துக்குப் போன் செய்து, "இனிமே எங்க அப்பாவைத் தனியா விடமாட்டீங்களே, அதுவே போதும்," என்று குரல் தழுதழுக்க நன்றி சொன்னார்கள். காத்திருப்போர் பட்டியலில் அறுபது புதிய பெயர்கள் சேர்ந்தன.

சுற்றறிக்கை வந்த அன்று காலையிலேயே நாலாம் அறைக் கதவிலிருந்து முத்திரைக் காகிதத்தைக் கிழித்தார்கள். இரண்டு கட்டிலும் மூன்று கனபாவும் வந்தன. காலியான இரண்டு கனபாக்களுக்கும் புது ஆட்கள் இருந்தார்கள். ஹாஜ் பயூமி தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மற்றவர்களுக்கு முன்னால் உள்ளே வந்தார். குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது.

"உன்னை இப்படித் தனியா போட்டு வெச்சாங்களேன்னு எனக்கு மனசே ஆறல லபீப். இருமல் பாதி போயிருச்சு. மீதி பாதியைத்தான் கூடக் கொண்டு வந்திருக்கேன்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கொண்டுவந்ததைக் காட்டினார்.

இன்ஷிராஹ் வாசலில் நின்றாள். கையில் பாராட்டுச் சான்றிதழ். அதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"என்னை மன்னிச்சிருங்க உஸ்தாத்," என்றாள்.

லபீப் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. தந்தியில் ஒரு எழுத்துப் பிசகிவிட்ட புதுக் குமாஸ்தாவைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"பொண்ணே, அரசாங்கத்துக்கு உண்மையை எழுதினா ஒண்ணும் ஆகாது, யாரும் படிக்கமாட்டாங்க. கேலியை மட்டும் எழுதாதே. அதை அப்படியே செஞ்சுருவாங்க."

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. பேசி முடித்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது.

மூன்றாம் நாள் காலையில் லபீப் இருமினார். இந்த முறை அவர் முயற்சி செய்து இருமவில்லை. இன்ஷிராஹ் ஓடிப்போய்ப் பதிவேட்டைப் பிரித்தாள். அதில் அவர் பெயருக்கு எதிரே 'நோயாளி' என்று ஏற்கனவே இருந்தது. முத்திரையும் இருந்தது. புதிதாக எழுத எதுவும் இல்லை.